ஃபீஸ் கட்டியாச்சு, டாக்ஸ் கிரெடிட் யாருக்கு?

கேள்வி: வணக்கம் சார். மகள் போன வருடம் ஆகஸ்டில் காலேஜ் சேர்ந்தாள். ட்யூஷன் 7,000 டாலர், ஹாஸ்டலும் சாப்பாடுமாக 6,500. ட்யூஷன் மொத்தத்தையும் 529 கணக்கிலிருந்து (படிப்புச் செலவுக்கான வரிச்சலுகைச் சேமிப்பு) எடுத்துக் கட்டிவிட்டோம், ஹாஸ்டல் பணம் கையிலிருந்து போனது. எங்கள் இருவர் வருமானமும் சேர்ந்து ஒன்றரை லட்சம் டாலர். 529 பணத்தில் கட்டியதால் டாக்ஸ் கிரெடிட் (கட்ட வேண்டிய வரியிலேயே நேராகக் கழியும் தொகை) கிடையாது என்கிறார் தெரிந்தவர் ஒருவர். உண்மையா? (எடிசன், நியூ ஜெர்சி)

பதில்: அவர் சொல்வது பாதி சரி. ஒரே டாலரை இரண்டு சலுகைக்குக் காட்டக் கூடாது, அவ்வளவுதான் விதி. ஆனால் எந்தக் கணக்கிலிருந்து எந்த பில்லுக்குப் பணம் போனது என்று ஒன்றுக்கொன்று கோத்துப் பார்ப்பதில்லை, அந்த வருடத்தில் 529-லிருந்து எடுத்த மொத்தமும் அந்த வருடத் தகுதியான செலவு மொத்தமும்தான் கணக்கு. அரைநேரமாவது படிக்கிற பிள்ளைக்கு ஹாஸ்டலும் சாப்பாடும் 529-க்குத் தகுதியான செலவு, ஆனால் டாக்ஸ் கிரெடிட்டுக்கு அவை செல்லாது. இந்த வித்தியாசம்தான் உங்களுக்குக் கைகொடுக்கிறது.

ட்யூஷனில் 4,000 டாலரை, கல்லூரிப் படிப்புக்கான அமெரிக்கன் ஆப்பர்ச்சூனிட்டி கிரெடிட்டுக்கு என்று ஒதுக்கி வையுங்கள். மிச்ச ட்யூஷன் 3,000, ஹாஸ்டல் 6,500, ஆக 9,500 டாலர் செலவு 529-க்கு எதிராக நிற்கிறது, நீங்கள் எடுத்ததோ 7,000. அதற்கு ஒரு காசு வரி வராது. அந்த 4,000-க்குக் கிரெடிட் எப்படி வருகிறது என்றால், முதல் 2,000 டாலருக்கு முழுசாக 2,000, அடுத்த 2,000-க்குக் கால்வாசி, அதாவது 500. மொத்தம் 2,500. வரி ஏதும் பாக்கி இல்லாவிட்டாலும் இதில் 1,000 டாலர் வரை ரீஃபண்டாகவே கைக்கு வரும். கூட்டாகத் தாக்கல் செய்கிறவர்களுக்கு 1,60,000 வரை முழுத்தொகை உண்டு என்பதால் நீங்கள் உள்ளேதான் இருக்கிறீர்கள். கணவனும் மனைவியும் தனித்தனியாகத் தாக்கல் செய்தால் மட்டும் ஒன்றும் கிடையாது. நிரப்ப வேண்டியது 8863 படிவம். கல்லூரி தரும் 1098-டி தாளில் (ட்யூஷன் கணக்குச் சீட்டு) ஐந்தாம் பெட்டியில் ஸ்காலர்ஷிப் தொகை ஏதாவது இருக்கிறதா என்று ஒரு தடவை பாருங்கள், இருந்தால் இந்தக் கணக்கு மாறும்.

பாடப் புத்தகம் வாங்கிய ரசீதையும் தூக்கிப் போடாதீர்கள். இந்த கிரெடிட்டுக்குப் புத்தகத்தைக் கல்லூரிக் கடையில்தான் வாங்க வேண்டும் என்றில்லை, எங்கே வாங்கியிருந்தாலும் செல்லும், ஆனால் அது 1098-டி-யில் வராது. உங்களுக்கு ட்யூஷனே 4,000-ஐத் தாண்டுகிறது, கவலையில்லை. கம்யூனிட்டி காலேஜில் பிள்ளை படிக்கிற வீடுகளுக்கு இது உதவும்.

கேள்வி: எங்கள் வருமானம் 2,30,000 டாலர், அதனால் கிரெடிட் இல்லை என்று தெரியும். மகன் இரண்டாம் ஆண்டு, 20 வயது, இன்டர்ன்ஷிப்பில் 18,000 சம்பாதித்தான். அவனை டிபென்டென்ட்டாக (எங்கள் பராமரிப்பில் இருப்பவனாக) எங்கள் ரிட்டர்னில் காட்டாமல் விட்டால் அவனே 2,500 வாங்கிக்கொள்ளலாமாமே? (ஃபிரிஸ்கோ, டெக்சஸ்)

பதில்: வாங்கலாம், ஆனால் 2,500 வராது. நீங்கள் அவனைக் காட்டாமல் விட்டால் கிரெடிட் கேட்கும் உரிமை அவனுக்குப் போகும் என்பது நிஜம். ஆனால் 24 வயதுக்குள், பெற்றோர் ஆதரவில் படிக்கிற பிள்ளைக்கு ரீஃபண்ட் பகுதி கிடையாது, அவன் கட்ட வேண்டிய வரி எவ்வளவோ அதுவரைதான் குறையும். 2025-க்கு ஸ்டாண்டர்ட் டிடக்ஷன் (வருமானத்தில் வரியில்லாமல் கழியும் தொகை) 15,750 போக மிச்சம் 2,250, அதற்கு 10 சதவீதம் என்றால் 225 டாலர். அந்த 225-ஐ மிச்சம் பிடிக்க, அவனை டிபென்டென்ட்டாகக் காட்டினால் உங்களுக்கு வரக்கூடிய 500 டாலர் டிபென்டென்ட் கிரெடிட்டை விடுகிறீர்கள். வேண்டாம் சார். அவன் 35,000 சம்பாதிக்கிற வருடம் வந்தால் அப்புறம் யோசிக்கலாம், அப்போதும் தன் வாழ்க்கைச் செலவில் பாதிக்கு மேல் அவனே பார்த்துக்கொள்கிறானா என்ற கேள்வி தனியாக வரும்.

இன்னொன்று. மகன் தன் ரிட்டர்னைப் போனிலேயே தட்டி அனுப்பும்போது, ‘என்னை வேறொருவர் டிபென்டென்ட்டாகக் காட்டலாம்’ என்ற கட்டத்தை டிக் செய்தானா என்று பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். டிக் செய்யாமல் அவன் முந்திக்கொண்டால் உங்கள் ரிட்டர்ன் திரும்பி வந்து நிற்கும். பல வீடுகளில் மார்ச் மாதச் சண்டைக்கு இதுதான் காரணம்.

கேள்வி: ஸ்பிரிங் செமஸ்டர் பணத்தை டிசம்பரிலேயே கட்டிவிட்டேன். எந்த வருடத்துக் கணக்கு?

பதில்: கட்டிய வருடத்துக் கணக்கு, வகுப்பு அடுத்த வருடம் மார்ச்சுக்குள் தொடங்கினால். கடன் வாங்கிக் கட்டியிருந்தாலும் கல்லூரிக்குப் பணம் போன வருடம்தான், கடனை அடைக்கிற வருடம் இல்லை. இதைக் கவனிக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நாலு வருடப் படிப்பு என்றாலும் காலண்டரில் ஐந்து வருடத்தைத் தொடும், ஆனால் இந்த கிரெடிட் ஒரு பிள்ளைக்கு நான்கு தடவைதான். எந்த வருடத்தில் செலவு 4,000-க்குக் குறைவோ அதை விட்டுவிடுவது புத்திசாலித்தனம்.

கேள்வி: நாங்கள் ஹெச்-1பி வேலை விசா, மகன் எங்களைச் சார்ந்த ஹெச்-4 விசா. அவனுக்கு ஐடின் எண்தான் (சோஷியல் செக்யூரிட்டி எண் பெற முடியாதவர்களுக்கான வரி எண்) இருக்கிறது. கிடைக்குமா?

பதில்: 2025-ஆம் ஆண்டுக்கான ரிட்டர்ன் வரை ஐடின் போதும். 2026 வரி ஆண்டிலிருந்து மாணவருக்கு சோஷியல் செக்யூரிட்டி எண் கட்டாயம் என்று 2025-இல் சட்டம் மாற்றிவிட்டார்கள். நம் ஆட்கள் நிறையப் பேருக்கு இது நேரடி அடி. முந்தைய வருடங்களில் தகுதி இருந்தும் கேட்காமல் விட்டிருந்தால், பொதுவாக மூன்று வருடத்துக்குள் 1040-எக்ஸ் போட்டுத் திருத்தலாம். இப்போதே பழைய ரிட்டர்ன்களை எடுத்துப் பாருங்கள்.

கேள்வி: மனைவி வேலை பார்த்துக்கொண்டே இரண்டு கோர்ஸ் படிக்கிறார். பட்டப்படிப்பு ஏற்கெனவே முடித்தவர்.

பதில்: அவருக்கு லைஃப்டைம் லேர்னிங் கிரெடிட். 10,000 டாலர் வரையான ட்யூஷனில் 20 சதவீதம், குடும்பத்துக்கே மொத்தம் 2,000 வரைதான், ரீஃபண்ட் கிடையாது. வருட எண்ணிக்கைக்கு வரம்பு இல்லை. பிள்ளைக்கு அமெரிக்கன் ஆப்பர்ச்சூனிட்டி, மனைவிக்கு இது என்று ஒரே ரிட்டர்னில் இரண்டையும் கேட்கலாம், ஒரே ஆளுக்கு ஒரே வருடத்தில் இரண்டும் கேட்க முடியாது.

கேள்வி: மகன் சென்னையில் எம்.பி.பி.எஸ். படிக்கிறான், ஃபீஸ் இங்கிருந்துதான் அனுப்புகிறேன்.

பதில்: அமெரிக்கக் கல்வித் துறையின் மாணவர் உதவித் திட்டங்களில் சேரத் தகுதியுள்ள கல்லூரியாக இருக்க வேண்டும். இந்தியக் கல்லூரிகள் பொதுவாக அதில் வருவதில்லை. விட்டுவிடுங்கள், மோசடியாகக் கேட்டு மாட்டினால் பத்து வருடத்துக்கு அமெரிக்கன் ஆப்பர்ச்சூனிட்டி கிரெடிட் பக்கமே போக முடியாது, அப்போது இங்கே படிக்கப் போகிற இளைய பிள்ளைக்கும் சேர்த்துத்தான் போகும்.