முதுமலைக்கு இரண்டு முறை போயும் புலி கண்ணில் படவில்லை. கட்டாயம் பார்க்க எங்கே, எப்போது போகலாம்?

கட்டாயம் என்று எந்தக் காட்டிலும் கிடையாதுங்க. வாய்ப்பைக் கூட்டிக்கொள்ளலாம், அவ்வளவுதான். என்னைக் கேட்டால் தடோபா புலிகள் காப்பகம், அதுவும் மே மாதம்.

முதுமலையில் புலிக்குப் பஞ்சமில்லை. ஆனால் உண்ணிச்செடி புதர் புதராக மண்டிக் கிடக்கிறது. பத்தடி தள்ளிப் படுத்திருந்தாலும் தெரியாது. மகாராஷ்டிரத்தின் சந்திரப்பூர் மாவட்டத்தில் இருக்கும் தடோபா, தேக்கும் மூங்கிலுமான காடு. கோடையில் தேக்கு இலையைக் கொட்டிவிடும், ஓடைகள் வற்றிவிடும். மிச்சமிருக்கும் குட்டைக்குப் புலி வந்துதானே ஆக வேண்டும்? வெயில் 45 டிகிரி வரை போகும். அதைத் தாங்க முடிந்தால் போங்கள்.

நான் வெயிலுக்குப் பயந்து முதலில் டிசம்பரில் போனேன். இரண்டே சஃபாரி. எந்த வண்டி எந்தப் பக்கம் பறந்ததோ, எங்கள் டிரைவரும் அதன் பின்னாலேயே பறந்தார். புழுதியைத்தான் பார்த்தோம்.

அடுத்த முறை மே மாதம், ஐந்து சஃபாரி. ஏறும்போதே கைடிடம், “துரத்த வேண்டாம், தண்ணீர் பக்கம் நிறுத்திக் காத்திருப்போம்” என்று சொல்லிவிட்டேன். நான்காவது சஃபாரியில் முதலில் குரங்கு கத்தியது; கைடு அசையவில்லை. அப்புறம் ஒரு கடமான் கத்தியது. ஆள் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். குரங்கு எதற்கு வேண்டுமானாலும் கத்தும், கடமான் சும்மா கத்தாது என்பது அவர் கணக்கு. கொஞ்ச நேரத்தில் மூங்கிலுக்குள்ளிருந்து ஒரு பெண்புலி வந்தது. குட்டைக்கு முதுகைக் காட்டித் திரும்பி, பின்னங்காலை முதலில் வைத்து, அப்படியே பின்பக்கமாக இறங்கி உட்கார்ந்தது. முகத்தில் தண்ணீர் படுவது புலிக்குப் பிடிக்காதாம். அரை மணி நேரம் எழவில்லை. எங்களை ஒரே ஒரு தடவை பார்த்தது, மாட்டுவண்டியைப் பார்ப்பதுபோல.

அது பஃபர் பகுதி, அதாவது காப்பகத்தின் வெளிவட்டம். அதனால் கோர் என்கிற உள்காட்டுப் பகுதியில் இடம் கிடைக்கவில்லை என்றால் திட்டத்தைக் கைவிட வேண்டாம். அகர்சரி மாதிரி பஃபர் கேட்டுகளில் பதிவு செய்யுங்கள். கோர் செவ்வாய்க்கிழமை விடுமுறை, ஜூலை முதல் செப்டம்பர் வரை மூடியிருக்கும். சஃபாரிக்கான திறந்த ஜீப்பான ஜிப்சியில் ஆறு பேர் போகலாம், செலவைப் பங்கு போட்டுக்கொள்ளலாம். வனத்துறை இணையதளத்தில் சில மாதங்கள் முன்பே பதிவு செய்துவிடுங்கள். பதிவில் கொடுத்த அதே அடையாள அட்டையைக் கையில் வைத்திருங்கள். கோர் பகுதிக்குள் செல்போனுக்கு அனுமதி இல்லை, கேமரா இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

விடுதிக்குக் கொட்டும் காசில் இன்னும் ஒரு சஃபாரி போகலாம். ஏசி ஓடினால் போதும், அறையில் இருக்கப்போவது மத்தியானமும் ராத்திரியும்தான்.

சென்னையிலிருந்து விமானம் தேவையில்லை. டெல்லி போகும் ரயிலில் ராத்திரி ஏறினால் மறுநாள் பகலில் பல்லார்ஷாவில் இறங்கலாம். அங்கிருந்து தடோபாவின் மொஹர்லி கேட்டுக்குக் காரில் ஒரு மணி நேரம், கொஞ்சம் கூட ஆகலாம். தலையில் சுற்ற ஒரு பருத்தித் துண்டு வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளைத் துண்டு மட்டும் வேண்டாம், காட்டில் பளிச்சென்று தெரியும்.