ஓட்டுநர்களும் தலைவரும் மாறிய பிறகும் டொயோட்டா ராலி அணி வென்றது எப்படி?

2020-இல் உலக ராலி கார் பந்தயத்தில் ஓடும் டொயோட்டா அணி முந்தைய ஆண்டின் மூன்று ஓட்டுநர்களையும் மாற்றியது. 2021-இல் தலைவரும் மாறினார். ஆனாலும் தடுமாறவில்லையே, ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள்.

ராலி ஓட்டுநர் பெரும்பாலும் தனியாக அணி மாறுவதில்லை, பக்கத்தில் அமர்ந்து வழியைச் சொல்லும் இணை ஓட்டுநரோடுதான் வருகிறார். 2020-இன் புதிய ஓட்டுநர்களில் ஓஜியே, இங்க்ராசியாவோடும், எவன்ஸ் மார்ட்டினோடும், ரோவன்பெரா ஹால்டுனனோடும் வந்தார்கள். கார் புதிது, காதில் விழும் குரல் பழையது. எண்ணூர் விரைவுச் சாலையில் விடியற்காலையில் நண்பன் பின்னால் அமர்ந்து, "இடப்பக்கம் பள்ளம், முன்னால் கன்டெய்னர் லாரி திரும்புகிறது" என்று சொல்லச் சொல்ல பைக் ஓட்டியிருக்கிறேன். அந்தக் குரலில் நம்பிக்கை இல்லையென்றால் கை தானாகவே பிரேக்குக்குப் போய்விடும். ராலியில் அந்த ஒரு நொடித் தயக்கமே வெற்றியைப் பறித்துவிடும்.

தலைமை மாற்றம் இன்னும் அழகானது. முந்தைய தலைவர் மாக்கினனுக்குப் பின் வந்த லாட்வாலா, 2017 முதல் 2019 வரை அதே அணியில் ஓட்டியவர். 2020-க்கான வரிசையில் இடம் இழந்தவர். மனத்தாங்கலோடு விலகியிருக்கலாம். அவரோ தலைவராகத் திரும்பினார். காரின் குணமும் ஓட்டுநரின் பதற்றமும் அவருக்கு அத்துப்படி. 2021-இல் ஓட்டுநர், இணை ஓட்டுநர், கார் தயாரிப்பாளர் ஆகிய மூன்று உலகப் பட்டங்களும் டொயோட்டாவுக்கே கிடைத்தன.