சின்ன ஓவியங்களும் கையால் தைத்த புத்தகங்களும்: செட்டிநாட்டுப் பக்கம் கூட்டுக் கண்காட்சி வைத்தால் ஆள் வருமா?

கேட்டவர் தேவகோட்டைக்காரர். நண்பர்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து சின்ன ஓவியங்களையும் தாங்களே தைத்த புத்தகங்களையும் ஒரு பழைய வீட்டில் வைக்கப் போகிறார்களாம். ஆள் வருமா, எப்படி வைப்பது என்று கேட்டிருக்கிறார்.

ஆள் வரும். வருகிறவர்களைப் புத்தகத்தைத் தொட விடுவீர்களா? அதை முதலில் முடிவு செய்யுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

நாங்கள் பதினோரு பேர் கானாடுகாத்தானில் ஓர் உறவுக்காரர் வீட்டில் இரண்டு தடவை வைத்தோம். முதல் தடவை வீடே எங்களைத் தோற்கடித்துவிட்டது. வளவில் (வீட்டு நடுவே தூண்கள் சூழ்ந்த திறந்த முற்றம்) போய் நின்றால் கண் தூணுக்கும் மேலே மரவேலைக்கும்தான் போகும், நாலு இஞ்ச் ஓவியம் சுவரில் தபால்தலை மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். பாதிப் பேர் தேக்குத் தூணைக் கட்டிப்பிடித்துப் போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். சுவரில் ஆணி அடிக்கவும் வழியில்லை. சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து இழைத்த பூச்சு, முகம் தெரியும் அளவுக்கு வழவழப்பு, அதில் ஓட்டை போடட்டுமா என்று எந்த வாயால் கேட்பது? டேப் போட்டு ஒட்டினோம். விடிவதற்குள் பாதி தரையில் கிடந்தது.

இரண்டாம் தடவை சுவரையே விட்டுவிட்டோம். வளவுத் தூண்களுக்கு இடையில் கயிறு கட்டித் துணிக் கிளிப்பில் ஓவியங்கள், புத்தகங்களுக்கு அந்தக் காலத்துக் கணக்குப்பிள்ளை சாய்வு மேசைகள் மூன்று. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பேரேடு எழுதச் செய்த மேசை என்பதால் பார்க்க வருகிறவரும் உட்கார்ந்தே ஆகவேண்டும். உட்கார்ந்துவிட்டால் பத்து நிமிஷம் நிச்சயம். வளவு திறந்த வெளி என்பதை மட்டும் மறக்காதீர்கள், உச்சி வெயில் நேரே இறங்கும், வாட்டர் கலர் அதைத் தாங்காது. நாங்கள் பதினொரு மணிக்குக் கயிற்றை அவிழ்த்து நிழல் பக்கம் மாற்றிக் கட்டினோம், தினமும்.

அளவுக்கு ஒரு எல்லை வையுங்கள், இல்லாவிட்டால் யாராவது ஐந்தடி கேன்வாஸோடு ஆட்டோவில் வந்து இறங்குவார் (எங்களுக்கு வந்தார்). நாங்கள் வைத்தது எட்டுக்கு எட்டு இஞ்ச், அதாவது தரையில் பதிக்கிற ஆத்தங்குடிக் கல் ஒன்று. சட்டம் போடுகிற ஆசாரிக்கு அதற்கு மேல் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இப்போது புத்தகம். ஓவியங்களை அச்சடித்துச் சேர்த்த ஆல்பத்தை நான் இதில் சேர்க்கமாட்டேன். தாள், மடிப்பு, தையல், பக்கம் திரும்பும் வேகம் எல்லாம் சேர்ந்து புத்தகமே படைப்பாக இருக்கவேண்டும். 1963-இல் அமெரிக்க ஓவியர் எட் ருஷே 26 பெட்ரோல் பங்குகளின் புகைப்படங்களை வைத்து ஒரு புத்தகம் செய்து 400 பிரதிகள் போட்டதை எல்லோரும் உதாரணம் காட்டுவார்கள். அது மெஷினில் அச்சடித்தது. கைவேலை பார்க்கவேண்டுமானால் சென்னைக்குப் போனால் போதும், தாரா புக்ஸில் கையால் செய்த தாளில் ஸ்கிரீன் பிரின்ட் அடித்துக் கையாலேயே தைத்த புத்தகங்கள் கிடைக்கும்.

இப்படிப்பட்ட ஒன்றைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தால் என்ன மிஞ்சும்? விசிறி மாதிரி மடித்து நீளமாக விரிகிற என் மடிப்புப் புத்தகம் ஒன்றை ஒரு நகரத்துக் கண்காட்சிக்குக் கொடுத்திருந்தேன், பெயர் வேண்டாம். பத்து நாளும் கண்ணாடிக்குள் ஒரே பக்கம் விரிந்து கிடந்தது. மீதிப் பக்கங்களில் என்ன இருந்தது என்று எனக்கும் பைண்டருக்கும்தான் தெரியும்.

அதனால் எங்கள் கண்காட்சியில் கண்ணாடி இல்லை, கையுறையும் இல்லை. பழைய நூல் காப்பகங்களிலேயே தாள் நூலுக்குக் கையுறையைவிடக் கழுவித் துடைத்த வெறுங்கைதான் நல்லது என்கிறார்கள். கையுறை போட்டால் தாளின் மென்மை விரலுக்குத் தெரியாது, ஓரம் கிழியும். வாசலில் ஒரு சொம்புத் தண்ணீரும் துண்டும் வைத்தோம். மனகோலமும் (எண்ணெயில் பொரித்த செட்டிநாட்டுப் பலகாரம்) காபியும் வெளியேறும் பக்கம்! முதல் தடவை நுழைகிற இடத்தில் வைத்ததால் பதினான்கு பக்கத்தில் எண்ணெய்.

எங்களில் ஒருத்தி தன் தெருவில் பூட்டிக் கிடக்கும் வீடுகளின் கதவுகளை மட்டும் வரைந்து மடிப்புப் புத்தகமாகச் செய்திருந்தாள், முழுக்க இழுத்தால் நாலடி நீளும். பக்கத்து வீட்டு ஆச்சி ஒருவர் மேசை முன்னால் உட்கார்ந்து, கட்டைவிரலை நாக்கில் தொட்டுக்கொண்டு ஒவ்வொரு மடிப்பாகப் புரட்டினார். ஐந்தாவது கதவில் நின்றுவிட்டார். “இது நம்ம பெரிய வீட்டுப் பூட்டுல்ல? சாவி சென்னையில இருக்கு. படைப்பு அன்னிக்குத்தான் தொறப்பாக.” (படைப்பு என்றால் குடும்பம் கூடி முன்னோரைக் கும்பிடும் நாள்.) சொல்லிக்கொண்டே ஈர விரலால் பூட்டைத் தடவ, பழுப்பு நிறம் கதவு நெடுக இழுபட்டுவிட்டது. எனக்கு நெஞ்சு அடைத்தது, வரைந்தவளோ ஆச்சி பக்கத்தில் உட்கார்ந்து அடுத்த கதவு யார் வீடு என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் பிரதியை அவள் விற்கவில்லை. (நீங்கள் செய்யும்போது எல்லோரும் தொடுவதற்கென்று ஒரு பிரதி தனியாகச் செய்துவிடுங்கள், நீரில் கரையாத மையில்.)

இந்தப் பக்கத்து மக்களுக்கு இதெல்லாம் புரியுமா என்று நினைக்காதீர்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா நாடக நோட்டீஸ் வரைக்கும் சேர்த்துவைத்தவர், 1992-இல் அவர் காலமான பிறகு அந்தச் சேகரிப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது, இன்று சென்னையில் அது ஆராய்ச்சி நூலகமாக இருக்கிறது. மூன்று நாளில் எங்களிடம் அதிக நேரம் உட்கார்ந்து பார்த்தவர்கள் அறுபது வயதைத் தாண்டியவர்கள்தான்.

செய்முறையில் இரண்டே விஷயம். மைதாப் பசை காய்ச்சும்போது மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கொஞ்சம் போடுங்கள், போடாததால் ஒரே ராத்திரியில் கரப்பான் எங்கள் இரண்டு புத்தகங்களின் முதுகைத் தின்றுவிட்டது. மயில்துத்தம் விஷம், சமையல் பாத்திரத்தில் காய்ச்ச வேண்டாம், குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். அப்புறம் தாளின் நார் ஓடும் திசை. முதுகோடு இணையாக ஓடவேண்டும், குறுக்கே ஓடினால் மடிப்பு வெடிக்கும், பசை காய்ந்ததும் அட்டை அப்பளமாக வளையும்.

விலை 300 முதல் 2,000 ரூபாய் வரை வைத்தோம். சின்ன ஓவியங்கள் நன்றாகப் போயின, புத்தகங்கள் குறைவாகத்தான். தேதி பார்க்கும்போது கல்யாணம், படைப்பு என்று ஊரில் வீடுகள் திறந்திருக்கும் நாட்களை ஒட்டி வையுங்கள். சாய்வு மேசைக்குக் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகளில் கேளுங்கள். வாடகைக்குத் தரமாட்டோம் என்றுதான் முதலில் சொல்வார்கள், முன்பணம் கட்டினால் தருவார்கள். இழுப்பறைச் சாவியையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.