கேளுங்கள், சொல்கிறேன்: தாய்லாந்தில் வேலையும் விசாவும்

பாங்காக்கில் ஒரு நிறுவனத்தில் வெளிநாட்டு ஊழியர்களுக்கு விசா, வேலை அனுமதி வாங்கித் தருவதுதான் என் வேலை. தமிழ்நாட்டிலிருந்து வரும் கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே குழப்பத்தில்தான் தொடங்குகின்றன. விசா இருந்தால் வேலை செய்யலாம் என்று நினைக்கிறார்கள். தாய்லாந்தில் விசா வேறு, வேலை அனுமதி வேறு. முதலாவது நாட்டுக்குள் வந்து தங்க. அதைக் கவனிப்பது குடிநுழைவுக் காவல்துறை. இரண்டாவது வேலை செய்ய. அதைத் தருவது தொழிலாளர் அமைச்சகத்தின் வேலைவாய்ப்புத் துறை. ஒன்றை வைத்துக்கொண்டு இன்னொன்று இல்லாமல் வேலை செய்தால் அது குற்றம்.

பின்னலாடை மெஷின்களுக்கு சர்வீஸ் செய்கிறேன். பாங்காக்கை ஒட்டிய சமுத் பிரகானில் ஒரு மில்லுக்கு மெஷின் விற்றிருக்கிறோம். பத்து நாள் வந்து பொருத்திக் கொடுக்கச் சொல்கிறார்கள். "இந்தியர்களுக்கு விசாவே வேண்டாம், டூரிஸ்ட் என்று சொல்லி வாங்க" என்கிறார் அங்குள்ள மேலாளர். போகலாமா அண்ணா?
- திருப்பூர் வாசகர்

போகலாம் தம்பி, ஆனால் அவர் சொல்கிற மாதிரி போகாதீர்கள். 2024 ஜூலை 15 முதல் இந்தியர்களுக்கு விசா இல்லாமல் 60 நாள் தங்கும் வசதி வந்தது. குறுகிய தொழில் பயணமும் அதில் அடக்கம். (இந்த நாள் கணக்கு அடிக்கடி மாறுகிற ஒன்று. டிக்கெட் போடும் முன் தாய்லாந்துத் தூதரக இணையதளத்தை ஒருமுறை பாருங்கள்.) மில்லுக்குப் போய் மேலாளரைச் சந்தித்து, விலை பேசி, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுத் திரும்பினால் அதற்கு வேலை அனுமதி தேவையில்லை. கூட்டம், கருத்தரங்கு, கண்காட்சி பார்ப்பதும் அப்படித்தான். ஸ்பேனரை எடுத்து மெஷினில் கை வைத்தால் அது வேலை. பத்து நாளானாலும் ஒரு நாளானாலும் வேலைதான்.

உங்களைப் போன்றவர்களுக்காகவே சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது. அவசர, அவசிய வேலை என்று வேலைவாய்ப்புத் துறைக்கு முன்கூட்டியே அறிவித்துவிட்டு 15 நாள் வரை வேலை செய்யலாம். தேவைப்பட்டால் இன்னொரு 15 நாள் நீட்டிக்கலாம். மெஷின் பொருத்துவது, பழுது பார்ப்பது, சோதனை ஓட்டம் எல்லாம் இந்த வகையில் ஏற்கப்படுகிற வேலைகள். நடைமுறையில் இந்த அறிவிப்பை உங்களுக்காகக் கொடுப்பது மில்காரர்கள்தான். உங்கள் பாஸ்போர்ட் நகல், போட்டோ, என்ன வேலை, ஏன் அவசரம் என்ற கடிதம் ஆகியவற்றை அவர்கள் கேட்டு வாங்க வேண்டும். கேட்கவே இல்லை என்றால், செய்யப்போவதில்லை என்று அர்த்தம். நீங்களே ஒரு மெயில் போட்டு, அறிவிப்பின் நகல் வந்த பிறகு டிக்கெட் போடுகிறேன் என்று சொல்லிவிடுங்கள். முதலாளியின் பெயரிலேயே அந்த மெயில் போனால் இன்னும் நல்லது.

இதில் ஏன் இவ்வளவு கறார் என்றால், அனுமதியில்லாமல் வேலை செய்து பிடிபட்டால் உங்களுக்கு 5,000 முதல் 50,000 பாட் வரை அபராதம், நாடுகடத்தல், அப்புறம் இரண்டு ஆண்டுகளுக்கு வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்க முடியாது. மில்லுக்கு ஆளுக்கு 10,000 முதல் 1,00,000 பாட் வரை அபராதம். மில் அபராதத்தைக் கட்டிவிட்டு நடையைக் கட்டும். பாஸ்போர்ட்டில் முத்திரையோடு ஊர் திரும்புவது நீங்கள். விமான நிலையத்தில் கேட்டால் இன்ன மில்லுக்கு, இன்ன வேலைக்கு வந்திருக்கிறேன் என்று உள்ளதைச் சொல்லி நகலைக் காட்டுங்கள். பெட்டியில் டூல் கிட்டும் வயரிங் படமும் இருக்க, சுற்றுலா வந்தேன் என்று சொல்வது உங்களுக்கே ஆபத்து.

இன்னொன்று. 2025 மே 1 முதல் தாய்லாந்துக்கு வருகிற எல்லா வெளிநாட்டவரும் வருவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் வருகை அட்டையை நிரப்ப வேண்டும். அது இலவசம். பணம் கேட்கிற இணையதளம் எதுவானாலும் அரசாங்கத்துடையது அல்ல.

என் மகன் பி.காம். முடித்து ஒன்றரை வருஷமாக வேலை தேடுகிறான். டெலிகிராமில் பேசிய ஒருவர் தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை, மாதம் எண்பதாயிரம் ரூபாய், தங்குமிடம் இலவசம் என்கிறார். வீடியோ காலில் டைப்பிங் வேகம் மட்டும் பார்த்தார்களாம். "விசா வேண்டாம், பாங்காக்கில் இறங்கினால் கார் வரும், வேலை விசா அங்கே மாற்றிக்கொள்ளலாம்" என்கிறார்களாம். அனுப்பலாமா?
- ஒரு தாய், தஞ்சாவூர் மாவட்டம்

அனுப்பாதீர்கள் அம்மா. மகனிடம் இந்தப் பதிலை முழுவதும் படிக்கச் சொல்லுங்கள்.

பாங்காக்கில் இறங்கியதும் வருகிற அந்தக் கார் பாங்காக்கில் நிற்காது. ஏழு, எட்டு மணி நேரம் வடமேற்கே ஓடி தாக் மாகாணத்தில் மே சோட் என்ற ஊருக்குப் போகும். அந்த ஊரை ஒட்டி மோய் ஆறு. அக்கரையில் மியான்மரின் மியாவடி. ஆற்றைக் கடந்துவிட்டால் உங்கள் மகன் தாய்லாந்திலும் இல்லை, சட்டப்படி மியான்மரிலும் இல்லை. தாய்லாந்தை விட்டு வெளியேறிய முத்திரையும் கிடையாது, மியான்மரில் நுழைந்த முத்திரையும் கிடையாது. மதில் சூழ்ந்த வளாகத்தில் உட்காரவைத்து, போலிப் பெயரில் ஆன்லைனில் பழகி ஆட்களை ஏமாற்றிப் பணம் பறிக்கிற வேலையைச் செய்யச் சொல்வார்கள். பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொள்வார்கள். மறுத்தால் அடி, வெளியே விட வேண்டுமென்றால் பணம். இதெல்லாம் நடந்த கதைதான். 2022 செப்டம்பரிலேயே இந்திய வெளியுறவு அமைச்சகம் இந்த மியாவடி வேலை மோசடியைப் பற்றி எச்சரிக்கை வெளியிட்டது. ஏமாந்தவர்களில் பெரும்பாலும் கணினி தெரிந்த, படித்த இளைஞர்கள். 2025 மார்ச்சில் இந்திய விமானப்படை விமானங்கள் மே சோட் வரைக்கும் வந்து, மீட்கப்பட்ட ஐந்நூறுக்கும் மேற்பட்ட இந்தியர்களை ஏற்றிச் சென்றன.

உண்மையான வேலை எப்படி வரும் என்று சொல்கிறேன், ஒப்பிட்டுப் பாருங்கள். சாதாரணமாக இங்கே ஒரு நிறுவனம் ஒரு வெளிநாட்டவரை வைத்துக்கொள்ள 20 லட்சம் பாட் முதலீடு காட்ட வேண்டும். ஓராண்டுத் தங்கல் (ஓராண்டு தங்கக் குடிநுழைவுக் காவல்துறை தரும் அனுமதி) வாங்கும்போது ஒரு வெளிநாட்டவருக்கு நான்கு தாய் ஊழியர்கள் என்ற கணக்கும் பார்ப்பார்கள். முதலீட்டு வாரியத்தின் சலுகை பெற்ற நிறுவனங்களுக்கு இதில் தளர்வு உண்டு. டைப்பிங் தெரிந்த தாய் இளைஞர்கள் உள்ளூரிலேயே நிறைய இருக்கும்போது, இத்தனை சுமையையும் ஏற்று டேட்டா என்ட்ரிக்காகத் தஞ்சாவூரிலிருந்து ஒரு பையனை எந்த நிறுவனம் கூப்பிடும்?

அசல் நிறுவனம் என்றால் தன் பதிவுச் சான்றிதழையும் அழைப்புக் கடிதத்தையும் அனுப்பும். அதை வைத்து மகன் தாய்லாந்தின் இ-விசா தளத்தில் 'நான்-இமிகிரண்ட் பி' என்கிற வேலை, தொழிலுக்கான விசாவுக்கு விண்ணப்பிப்பார். சென்னையிலேயே தாய்லாந்துத் துணைத் தூதரகம் இருக்கிறது. அந்த விசா வந்த பிறகுதான் விமானம் ஏற வேண்டும். உள்ளே வந்தபின் விசா வகையை மாற்றிக்கொள்ளச் சட்டத்தில் இடம் இருப்பது உண்மைதான். மோசடிக்காரர்கள் பிடித்துக்கொள்வதும் அந்தப் பாதி உண்மையைத்தான். முகம் தெரியாத ஒருவர் சொல்லும்போது அந்த வழியை ஒப்புக்கொள்ளவே கூடாது.

"முதலில் நான்-பி விசாவுக்கான காகிதங்களை அனுப்புங்கள்" என்று மட்டும் அந்த ஆளுக்கு மகன் எழுதட்டும். பதில் வராது, அல்லது கோபம் வரும். தெரிந்த பையன் யாராவது ஏற்கெனவே கிளம்பிவிட்டிருந்தால், கார் பாங்காக்கைத் தாண்டுவதற்குள் இறங்கச் சொல்லுங்கள். லொகேஷனை வாங்கி, பாங்காக் சுகும்வித் பகுதியில் உள்ள இந்தியத் தூதரகத்துக்கு உடனே தகவல் கொடுங்கள். தமிழ்நாடு அரசின் அயலகத் தமிழர் நலத் துறைக்கும் சொல்லுங்கள். ஆற்றைக் கடக்கும் முன் என்றால் காப்பாற்றுவது எளிது.

பரோட்டா மாஸ்டராக இருக்கிறேன். எட்டாவது வரை படிப்பு. பாங்காக்கில் ஒரு ஓட்டலில் 18,000 பாட் சம்பளம் என்று ஏஜென்ட் சொல்கிறார். ஒன்றரை லட்சம் ரூபாய் கேட்கிறார். விசாரித்துச் சொல்லுங்கள்.
- காரைக்குடி வாசகர்

சமையல் வேலைக்கு அனுமதி கிடைக்கும், அதில் சிக்கல் இல்லை. சம்பளம்தான் இடிக்கிறது. வேலை அடிப்படையில் ஓராண்டுத் தங்கல் வாங்க, நாட்டைப் பொறுத்துக் குறைந்தபட்ச மாதச் சம்பளம் உண்டு. இந்தியருக்கு 35,000 பாட். காகிதத்தில் 35,000, கையில் 18,000 என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பொய்க் கணக்கில் உங்கள் கையெழுத்தும் இருக்கும்.

எட்டாவது படிப்பு என்பதால் உங்கள் பாஸ்போர்ட் ஈ.சி.ஆர். (குடிபெயர்வுச் சோதனை தேவை) வகையாக இருக்கும். வேலைக்குப் போகக் குடிபெயர்வு அனுமதி தேவைப்படுகிற 18 நாடுகளில் தாய்லாந்தும் ஒன்று. ஏஜென்ட் மூலம் போவதென்றால் அவர் இந்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும். அவர் வாங்கக்கூடிய கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும். ஒன்றரை லட்சம் என்பது சட்டவிரோதம். அவருடைய பதிவு எண்ணைக் கேளுங்கள். தயங்கினால் சென்னையில் உள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தில் புகார் கொடுங்கள். 'சுற்றுலாவாகப் போய் சேர்ந்துகொள்' என்று சொன்னால், நீங்கள் வாங்க வேண்டிய அந்த அனுமதியையும் அதோடு சேர்ந்த காப்பீட்டையும் அவர் தட்டிப் பறிக்கிறார்.

ஒப்பந்தம் வந்தால் ஓட்டலின் பெயர், முகவரி, வேலை மூன்றையும் பாருங்கள். இதில் எது மாறினாலும் 15 நாளுக்குள் வேலைவாய்ப்புத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். முதலாளி பட்டாயாவில் கிளை திறந்து அங்கே போகச் சொன்னாலும் இதே விதிதான். தேதியில் 2568 என்று இருந்தால் பயப்படாதீர்கள். அது புத்த ஆண்டு, 543-ஐக் கழித்தால் நம் 2025.

என் காக்கா (அண்ணன்) பாங்காக்கில் சீலோம் பக்கம் ரத்தினக் கல் வியாபாரம் செய்கிறார். நான் விசா இல்லாத வசதியில் வந்து கடையில் உதவியாக உட்காரலாமா? பட்டை தீட்டவும் கற்றுக்கொள்ள ஆசை.
- காயல்பட்டினம் வாசகர்

வாருங்கள், மகேசாக் சாலையில் கல் பாருங்கள், வார இறுதியில் சந்தபுரி சந்தைக்குப் போய் வாங்குங்கள். கடையில் உட்கார்ந்து விற்காதீர்கள். சொந்தக் காக்கா கடை, சம்பளம் இல்லை என்பதெல்லாம் அதிகாரியிடம் எடுபடாது. கல் வெட்டுவதும் பட்டை தீட்டுவதும் இங்கே வெளிநாட்டவருக்கு முற்றிலும் தடை செய்யப்பட்ட தொழில்கள். அந்தப் பட்டியலில் முடி வெட்டுவது, சுற்றுலா வழிகாட்டி, தெரு வியாபாரம் எல்லாம் இருக்கின்றன. அவற்றுக்கு எந்த நிறுவனம் கேட்டாலும் அனுமதி தர மாட்டார்கள். தீட்டுவதை ஊரிலேயே கற்றுக்கொள்ளுங்கள்.

சென்னை ஐ.டி. நிறுவனத்தில் வீட்டிலிருந்தே வேலை. சியாங் மாயில் சில மாதம் தங்கி அதையே செய்யலாமா?
- சென்னை வாசகி

செய்யலாம். 2024 ஜூலையில் வந்த டி.டி.வி. (டெஸ்டினேஷன் தாய்லாந்து விசா) இதற்குத்தான். ஐந்தாண்டு செல்லும், ஒவ்வொரு முறையும் 180 நாள் தங்கலாம். வங்கியில் 5 லட்சம் பாட் இருப்பும், நிறுவனத்தின் கடிதமும் காட்ட வேண்டும். தாய்லாந்து நிறுவனம் எதற்கும் வேலை செய்யக் கூடாது. ஒரு காலண்டர் ஆண்டில் 180 நாளை எட்டினால் வருமான வரிக் கணக்கு இங்கேயும் தொடங்கும், அதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

பாங்காக்கில் ஒரு நிறுவனத்தில் வேலை. ஓராண்டுத் தங்கல் இருக்கிறது. அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை, திடீரென்று மதுரை போக வேண்டும். போனால் விசா போய்விடும் என்கிறார் நண்பர். வேலையும் மாறலாம் என்று இருக்கிறேன்.
- பாங்காக் வாசகர்

நண்பர் சொல்வது சரி. மறுநுழைவு அனுமதி இல்லாமல் நாட்டை விட்டு வெளியேறினால் ஓராண்டுத் தங்கல் அந்த நிமிடமே செத்துவிடும். ஒருமுறைக்கு 1,000 பாட், பலமுறைக்கு 3,800 பாட். வயதான பெற்றோர் ஊரில் இருக்கிறவர்கள் பலமுறை அனுமதியைத் தங்கல் நீட்டிக்கிற அன்றே வாங்கிவிட வேண்டும். நான் எங்கள் ஊழியர் எல்லோருக்கும் அப்படித்தான் செய்கிறேன். நள்ளிரவில் போன் வந்தால் மறுநாள் வரிசையில் நிற்க நேரம் இருக்காது. உங்களுக்கு இப்போது நேரமில்லை என்பதால் சுவர்ணபூமி விமான நிலையத்தில் வாங்குங்கள். செக்-இன் முடித்து உள்ளே போனதும் குடிநுழைவுப் பகுதியில் அதற்கென்று கவுன்டர் உண்டு. பாஸ்போர்ட் நகல்கள், போட்டோ, ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நகலிலும் நீல மையில் கையெழுத்துப் போடுங்கள். கையெழுத்தில்லாத நகலை இந்த ஊரில் எந்த அலுவலகமும் வாங்காது. 90 நாளுக்கு ஒருமுறை குடிநுழைவுத் துறைக்குக் கொடுக்க வேண்டிய முகவரி அறிவிப்பு, திரும்பி வந்த அன்றிலிருந்து புதிதாக எண்ணப்படும். தவறினால் 2,000 பாட் அபராதம்.

வேலை மாறுவதைப் பற்றி: உங்கள் தங்கல் இந்த வேலையோடு கட்டப்பட்டது. வேலை முடிகிற அன்றே தங்கலும் முடியும். மனைவி, பிள்ளைகளின் தங்கலும் உங்களுடையதை ஒட்டியது என்பதால் அதுவும் அன்றே முடியும். 1,900 பாட் கட்டினால் ஏழு நாள் அவகாசம் தருவார்கள். அதற்குமேல் இருந்தால் நாளுக்கு 500 பாட் அபராதம். அதனால் ராஜினாமா கடிதம் கொடுக்கும் முன் புதிய நிறுவனத்தின் காகிதங்கள் தயாராக இருக்கின்றனவா என்று நேரில் போய்ப் பாருங்கள். பழைய நிறுவனத்தின் கடைசி நாளையும், புதியவர்கள் விண்ணப்பிக்கும் நாளையும் இரு பக்கத்து அலுவலர்களும் பேசி முடிவு செய்யட்டும். முதலில் அப்பாவைப் பார்த்துவிட்டு வாருங்கள். ராஜினாமா திரும்பி வந்த பிறகு.