பழைய காருக்கு 36,400 ரூபாய் எஸ்டிமேட்: கம்பெனி சர்வீஸ் சென்டரா, வெளி மெக்கானிக்கா?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியர், தாம்பரத்தில் வசிக்கிறேன். மாத ஓய்வூதியம் 41,000 ரூபாய். 2013 ஜூனில் பதிவு செய்த பெட்ரோல் வேகன்ஆர் கார் என்னிடம் உள்ளது. 78,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. இப்போது மாதம் 500 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுவதில்லை. வாங்கிய நாள் முதல் கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டரிலேயே விட்டுவந்தேன். வேகத்தடை ஏறி இறங்கும்போது முன்பக்கம் ‘டக் டக்’ என்று சத்தம் வருகிறது என்று சொன்னதற்கு, இம்முறை 36,400 ரூபாய்க்கு எஸ்டிமேட் கொடுத்தார்கள். வீட்டருகே உள்ள மெக்கானிக், கிளட்ச் இன்னும் ஓடும் என்றும், மற்ற வேலைகளை 16,000 ரூபாயில் முடித்துத் தருவதாகவும் வாய்மொழியாகச் சொல்கிறார். ஆண்டுக்கு 7,999 ரூபாய் முன்பணம் கட்டினால் எல்லா சர்வீஸும் உண்டு என்று இன்னொரு நிறுவனம் அழைக்கிறது. காரை 1,40,000 ரூபாய்க்கு விற்றுவிடச் சொல்கிறான் மகன். என்ன செய்யட்டும்?

பதில்: ஐயா, எஸ்டிமேட்டின் படத்தையும் இணைத்து அனுப்பியதற்கு நன்றி. அது இல்லாமல் போயிருந்தால், 36,400-க்கும் 16,000-க்கும் இடையிலுள்ள 20,400 ரூபாயை மட்டுமே பார்த்து நானும் தவறான யோசனை சொல்லியிருப்பேன். அந்தத் தாளில் நான்கு வேலைகள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. ஆயில், ஃபில்டர்கள், ஸ்பார்க் பிளக், கூலன்ட், பிரேக் ஆயில் ஆகியவை அடங்கிய வழக்கமான சர்வீஸுக்கு 9,200 ரூபாய். நீங்கள் சொன்ன ‘டக் டக்’ சத்தத்துக்காக, குலுக்கலைத் தாங்கும் முன் சஸ்பென்ஷனில் லோயர் ஆர்ம் (சக்கரத்தை வண்டியின் அடிச்சட்டத்தோடு இணைக்கும் கை) இரண்டையும் ஸ்ட்ரட் மவுண்ட்டுகளையும் (ஷாக் அப்சார்பரின் மேல்முனையைத் தாங்கும் பாகம்) மாற்ற 11,300. கிளட்ச் செட்டுக்கு 8,700. இன்ஜெக்டர் சுத்தம், திராட்டில் சுத்தம், ஏ.சி. கிருமிநீக்கம், உட்புறச் சுத்தம், அடிப்பகுதிப் பூச்சு ஆகியவற்றுக்கு 7,200 ரூபாய்.

கடைசியாக உள்ள 7,200 ரூபாயை முதலில் அடித்துவிடுங்கள். வண்டி ஸ்டார்ட் ஆகத் திணறுகிறது, நிற்கும்போது இன்ஜின் அதிர்கிறது, மைலேஜ் சட்டென்று இறங்கிவிட்டது என்ற புகார் எதையும் நீங்கள் எழுதவில்லை. புகார் இல்லாத இடத்தில் செய்யும் சுத்தம் காருக்குத் தீங்கு செய்யாது என்றாலும், ஓய்வூதியத்தில் ஆறில் ஒரு பங்கை அதற்குக் கொடுக்க வேண்டியதில்லை. கிளட்ச்சைப் பொறுத்தவரை ஒரு சோதனை போதும்: மேம்பாலம் ஏறும்போது ஆக்சிலரேட்டரை மிதித்தால் இன்ஜின் இரைச்சல் மட்டும் கூடி வேகம் கூடாமல் இருக்கிறதா என்று பாருங்கள். அப்படி இல்லையென்றால் 8,700 ரூபாயைத் தள்ளிவைக்கலாம்.

மீதம் நிற்பது 20,500 ரூபாய். மெக்கானிக் சொன்ன 16,000 ரூபாயும் வழக்கமான சர்வீஸ், சஸ்பென்ஷன் ஆகிய இதே இரண்டு வேலைகளுக்குத்தான் என்றால், உங்கள் முன்னால் உள்ள உண்மையான வித்தியாசம் 4,500 ரூபாய்தான். அந்த 4,500 எதனால் குறைகிறது என்று கேட்டு அறிந்துகொண்ட பிறகே இடத்தைத் தீர்மானிக்க வேண்டும்.

பெரும்பாலும் அதற்குக் காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கும். கூலி குறைவாக இருக்கலாம். அது உங்களுக்கு நியாயமான லாபம். சர்வீஸ் சென்டரில் லோயர் ஆர்மையே முழுதாக மாற்றுவார்கள், வெளி மெக்கானிக் அதிலுள்ள தேய்ந்துபோன புஷ்ஷை (ரப்பர் உறையை) மட்டும் பிரஸ்ஸில் அடித்து மாற்றுவார். ஆர்மின் முனையில் உள்ள உருண்டை மூட்டான பால் ஜாயின்ட்டில் ஆட்டம் இல்லையென்றால் அதுவும் ஏற்கத்தக்க சிக்கனமே, ஆட்டம் இருந்தால் ஆர்மை முழுதாக மாற்றுவதுதான் பாதுகாப்பு. மூன்றாவது காரணம் போலி ஸ்பேர். என் காரில் ஒரு வெளிப் பட்டறையில் மலிவாகக் கிடைத்தது என்று போட்டுக்கொண்ட பிரேக் பேடு சில மாதங்களிலேயே தேய்ந்து டிஸ்க்கையும் கீறிவிட்டது. மிச்சப்படுத்திய பணத்தைப் போல் பல மடங்கு டிஸ்க்குக்குச் செலவானது. அன்றிலிருந்து பிரேக், ஸ்டியரிங், சஸ்பென்ஷன் ஆகிய மூன்றிலும் அசல் ஸ்பேருக்குக் குறைந்த எதையும் நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

அசல் ஸ்பேர் வெளியில் கிடைக்காது என்ற அச்சம் ஒரு காலத்தில் சரியாக இருந்தது. வெளிப் பட்டறைகளுக்கு ஸ்பேரும் பழுதுபார்க்கும் தகவல்களும் கிடைக்காதபடி தடுத்ததாகக் கூறி, இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,500 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. அதை எதிர்த்து மேல்முறையீடுகள் நடந்தன. உங்கள் காரைப் பொறுத்தவரை, இன்று அசல் ஸ்பேரை அண்ணா சாலையை ஒட்டிய ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளிலும் கம்பெனியின் ஸ்பேர் விற்பனை நிலையங்களிலும் யாரும் வாங்கலாம். உறையில் பார்ட் எண்ணும் எம்.ஆர்.பி.யும் அச்சிடப்பட்டிருக்கும். ஆனால் ஸ்பேரை நீங்களே வாங்கிக் கொடுத்தால், நாளை ஏதேனும் கோளாறு வரும்போது கூலிக்கு மட்டுமே மெக்கானிக் பொறுப்பேற்பார். ஆகையால் அவரையே வாங்கச் சொல்லி, பில்லைத் தனியே கேட்டுப் பெறுவது மேல்.

எனவே மெக்கானிக்கிடம் சென்று, எந்த ஸ்பேர், அதன் எம்.ஆர்.பி. எவ்வளவு, கூலி எவ்வளவு என்று வேலைவாரியாக ஒரு தாளில் எழுதித் தரும்படி கேளுங்கள். கழற்றிய பழைய பாகங்களைக் காட்ட வேண்டும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அவர் மகிழ்ச்சியுடன் எழுதிக் கொடுத்தால், இவ்வாண்டு ஆயில் சர்வீஸை மட்டும் அவரிடம் கொடுத்து அவர் கையைப் பாருங்கள். சஸ்பென்ஷன் வேலையை இம்முறை சர்வீஸ் சென்டரிலேயே முடித்து, பிறகு வீல் அலைன்மென்ட்டையும் சரிபார்த்துவிடுங்கள். எழுதித் தரத் தயங்கினால் 4,500 ரூபாயைப் பெரிதாக எண்ணாமல் முழு வேலையையும் சர்வீஸ் சென்டரில் செய்துகொள்ளுங்கள். வாய்மொழி விலைக்கு வேலை முடியும்வரை எல்லையே கிடையாது என்பதைப் பல குடும்பங்களின் கணக்குப் புத்தகங்களில் பார்த்தவன் என்ற முறையில் இதை அழுத்திச் சொல்கிறேன்.

சர்வீஸ் சென்டரில் செய்தாலும் பில்லைச் சரிபார்க்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் கார் உதிரிபாகங்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம்தான்; அதற்கு முன் பெரும்பாலான பாகங்களுக்கு 28 சதவீதம் இருந்தது. பில்லில் பழைய விகிதம் இருந்தால் திருத்தச் சொல்லுங்கள். முறையான பில் இருந்தால்தான், பின்னர் தகராறு வந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலோ மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலோ உங்கள் புகாருக்கு வலு இருக்கும். சர்வீஸின்போது பெட்ரோல் குழாய்களையும் ரப்பர் பாகங்களையும் பார்க்கச் சொல்லுங்கள். இப்போது வரும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலை மனதில் கொண்டு உங்கள் காலத்துக் கார்கள் வடிவமைக்கப்படவில்லை.

இனி வாரண்டி இல்லாததால், கம்பெனி சர்வீஸ் சென்டரை விட்டு வெளியேறினால் உரிமை எதுவும் பறிபோகாது. சர்வீஸ் வரலாறு முறியுமே என்று கவலைப்படாதீர்கள். இந்த வயதுக் காரை வாங்க வருபவர் ஓட்டிப் பார்த்துத்தான் விலை சொல்வார். சாவி, இன்ஜின் கம்ப்யூட்டர் போன்ற மின்னணுக் கோளாறுகளுக்கும் கம்பெனி திரும்ப அழைக்கும் ரீகால் வேலைகளுக்கும் மட்டும் அங்கேயே செல்லுங்கள். விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனத்தின் பட்டியலில் உள்ள பட்டறைக்கே வண்டியைக் கொண்டுசெல்லுங்கள். காப்பீட்டு நிறுவனம் அனுப்பும் மதிப்பீட்டாளரான சர்வேயர் பார்க்கும் முன் எதையும் கழற்ற விடாதீர்கள். பத்து ஆண்டுகளைக் கடந்த காரின் உலோகப் பாகங்களுக்கும், எந்த வயதுக் காரானாலும் ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்கும் வழக்கமான பாலிசியில் பாதி விலையே கிடைக்கும் என்பதால், சிறு கீறல்களுக்கு உரிமை கோரி நோ கிளெய்ம் போனஸை (உரிமை கோராத ஆண்டுகளுக்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடியை) இழக்க வேண்டாம்.

7,999 ரூபாய் ஆண்டுத் திட்டம் உங்களுக்கு வேண்டாம். ஆண்டுக்கு 6,000 கிலோமீட்டர் ஓடும் காருக்கு ஓர் ஆயில் சர்வீஸ் போதும். மீதிச் சலுகைகளை நீங்கள் பயன்படுத்தவே மாட்டீர்கள்.

மகன் சொல்வதிலும் பொருள் இருக்கிறது. ஆனால் விற்றுவரும் 1,40,000 ரூபாயுடன் இன்னும் சில லட்சங்களைச் சேர்த்துத்தான் அடுத்த காரை வாங்க முடியும் என்றால், ஓய்வுக்காலத்தில் கடன் தவணை ஒன்றைத் தொடங்க நான் சம்மதிக்க மாட்டேன். பதிலாக, மாதம் 2,500 ரூபாயை ஓராண்டு வங்கித் தொடர்வைப்பில் (ஆர்.டி.) போட்டுவாருங்கள். ஆண்டில் சேரும் 30,000 ரூபாயிலிருந்து சர்வீஸ், காப்பீடு, பேட்டரி, டயர் ஆகிய அனைத்தையும் பார்த்துக்கொள்ளலாம். இவ்வாண்டுச் செலவைச் சேமிப்பிலிருந்து எடுங்கள். கடன் அட்டைத் தவணைக்கு மாற்றாதீர்கள்.

உங்கள் காரின் 15 ஆண்டுப் பதிவு 2028 ஜூனில் முடிகிறது. அதன்பின் தொடர்ந்து ஓட்ட வேண்டுமானால் தகுதிச் சோதனையில் தேறி, 5,000 ரூபாய் புதுப்பிப்புக் கட்டணமும் அதனுடன் பசுமை வரியும் செலுத்தியாக வேண்டும். ஐந்தாண்டு நீட்டிப்பு கிடைக்கும். ஆகவே 2027 ஜூனில் நம்பிக்கையான மெக்கானிக் ஒருவரிடம் அடிப்பகுதித் துருவையும் இன்ஜினையும் முழுதாகப் பார்க்கச் சொல்லி, தகுதிச் சோதனைக்குத் தயார்செய்ய எவ்வளவு ஆகும் என்று எழுதி வாங்குங்கள். அந்தத் தொகை அன்றைய விற்பனை விலையில் பாதியைத் தாண்டினால், பதிவுக் காலம் மீதம் இருக்கும்போதே விற்றுவிடுங்கள்.