சுருதி இறக்கிய கிட்டார்: வாசகர் கேள்வி – பதில்

போன மாதம் ஒரு வாசகி, 'நீங்கள் நேரில் கேட்ட கச்சேரிகளில் மறக்க முடியாதது எது?' என்று கேட்டிருந்தார். அமெரிக்காவில் ஜேம்ஸ் டெய்லர் பாடிக் கேட்ட ஒரு ஜூலை மாத ராத்திரி என்று இரண்டே வரியில் பதில் எழுதினேன். அந்த இரண்டு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. இந்த இதழின் பகுதி முழுக்க அவருக்கே.

யார் இந்த ஜேம்ஸ் டெய்லர்? எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.
– வாசகி, கும்பகோணம்

சொந்தமாகப் பாட்டெழுதி, தானே மெட்டமைத்து, தானே கிட்டார் வாசித்துப் பாடுகிற அமெரிக்கர். 1948 மார்ச் 12 அன்று பாஸ்டனில் பிறந்தார். வளர்ந்தது வட கரோலினாவின் சாப்பல் ஹில் ஊரில். அப்பா டாக்டர், அங்கே மருத்துவக் கல்லூரி டீனாக இருந்தவர். பையன் முதலில் கற்றுக்கொண்டது செல்லோ என்ற பெரிய வயலின் மாதிரியான வாத்தியம், அப்புறம்தான் கிட்டார். 1968இல், இருபது வயதில், லண்டனுக்குப் போனார். புகழ்பெற்ற பீட்டில்ஸ் இசைக்குழுவினர் அப்போதுதான் ஆப்பிள் ரெக்கார்ட்ஸ் என்ற இசைத்தட்டு நிறுவனத்தை ஆரம்பித்திருந்தார்கள். அங்கே புதிய பாடகர்களைத் தேடும் பொறுப்பில் இருந்த பீட்டர் ஆஷர், இந்தப் பையனின் பாட்டைக் கேட்டுச் சேர்த்துக்கொண்டார். முதல் ஆல்பத்தில் ஒரு பாட்டுக்கு பீட்டில்ஸின் பால் மெக்கார்ட்னியே பாஸ் கிட்டார் வாசித்தார். ஆனாலும் ஆல்பம் விற்கவில்லை. 1970இல் வந்த 'ஸ்வீட் பேபி ஜேம்ஸ்' ஆல்பம்தான் அவரை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்தது. அடுத்த வருடம் மார்ச்சில் டைம் பத்திரிகையின் அட்டையில் அவர் முகம் வந்தது.

எனக்கு அவர் அறிமுகமானது கேசட்டில். எண்பதுகளில் திருச்சியில் ஒரு மெல்லிசைக் குழுவில் நான் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தேன். கப்பலில் வேலை பார்த்த நண்பர் ஒருவர், 'இதைக் கேளுடா, உன் கை மாறிடும்' என்று அவருடைய 'கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்' கேசட்டைக் கொடுத்தார். 1976இல் வந்த தொகுப்பு அது. அமெரிக்காவில் மட்டும் ஒரு கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கிறது. நண்பர் சொன்னது நடந்தது. என் கை மாறியது.

'ஃபயர் அண்ட் ரெய்ன்' பாட்டு, விமான விபத்தில் இறந்துபோன அவருடைய காதலியைப் பற்றியதாமே? உண்மையா?
– வாசகர், பாளையங்கோட்டை

இல்லை. ஆனால் இந்தக் கதை ஐம்பது வருடமாக உலகம் பூராவும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதனால் விவரமாகவே சொல்கிறேன்.

அந்தப் பாட்டில் மூன்று சரணங்கள். மூன்றும் மூன்று வேறு சங்கதிகள். முதல் சரணம், தற்கொலை செய்துகொண்ட ஒரு தோழியைப் பற்றியது. காதலி இல்லை, நியூயார்க்கில் பழகிய சிநேகிதி. அவள் இறந்தபோது ஜேம்ஸ் லண்டனில் முதல் ஆல்பத்தைப் பதிவுசெய்துகொண்டிருந்தார். கேட்டால் மனசு உடைந்துவிடுவார் என்று நண்பர்கள் பல மாதம் அவரிடம் சொல்லாமல் வைத்திருந்தார்கள். இரண்டாவது சரணம், ஹெராயின் பழக்கத்தோடு அமெரிக்கா திரும்பி, அதை விட முடியாமல் அவர் தவித்ததைப் பற்றியது. மூன்றாவது சரணம், அதன் பிறகு மாசசூசெட்ஸின் ஸ்டாக்பிரிட்ஜ் என்ற சிற்றூரில், ஒரு மனநல சிகிச்சை நிலையத்தில் தங்கித் தேறிவந்த நாட்களில் எழுதியது.

விமானக் கதை அந்த மூன்றாவது சரணத்திலிருந்து கிளம்பியதுதான். பறக்கும் இயந்திரங்கள் துண்டு துண்டாய்த் தரையில் கிடப்பதாக அதில் ஒரு வரி வருகிறது. 'ஃப்ளையிங் மெஷின்' என்பது 1966இல் நியூயார்க்கில் அவரும் கிட்டார் வாசிக்கிற நண்பர் டேனி கோர்ச்மாரும் சேர்ந்து நடத்திய இசைக்குழுவின் பெயர். அது சீக்கிரமே உடைந்துபோனது. அந்தக் குழுவைத்தான் பாடுகிறார்.

இந்த மூன்றையும் சொல்லும்போது குரலை எங்கேயும் உயர்த்துவதில்லை, கவனித்துப் பாருங்கள். பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறவர் மாதிரிதான் பாடுகிறார். பதிவில் பியானோ வாசித்தவர் பாடகி கரோல் கிங். 1970இல் அமெரிக்காவின் பிரபல பாட்டுகளை வரிசைப்படுத்தும் பில்போர்டு பட்டியலில் மூன்றாவது இடம் வரை போனது இந்தப் பாட்டு. ஸ்டாக்பிரிட்ஜ் என்ற பெயரை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கச்சேரிக் கேள்வியில் அது திரும்ப வரும்.

ஐயா, நான் கிட்டார் கற்றுக்கொள்கிறேன். அவர் வாசிப்பது போல் என் கிட்டார் பேசவே மாட்டேன் என்கிறது. அவர் கிட்டாரில் என்ன விசேஷம்?
– கல்லூரி மாணவர், நாகர்கோவில்

தம்பி, கிட்டாரில் இல்லை, சுருதி சேர்ப்பதில் இருக்கிறது. உன் போனில் ட்யூனர் இருக்கும். அதில் முள் நடுவில் வந்து நின்றதும் சுருதி சேர்ந்துவிட்டது என்று நீ நிறுத்திவிடுகிறாய். அவர் அங்கே நிறுத்துவதில்லை. எல்லாக் கம்பிகளையும் ஒரு பொடி இறக்கித்தான் கட்டுகிறார்.

எவ்வளவு இறக்குகிறார் என்பதையும் அவரே வெளியிட்டிருக்கிறார். கிட்டார் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டைதான் ஃப்ரெட். ஒரு ஃப்ரெட்டுக்கும் அடுத்த ஃப்ரெட்டுக்கும் உள்ள சுருதி வித்தியாசத்தை நூறு பங்காக்கினால் ஒரு பங்குக்கு சென்ட் என்று பெயர். தடித்த ஆறாவது கம்பியை 12 சென்ட் இறக்குகிறார். ஐந்தாவதை 10, நாலாவதை 8, மூன்றாவதை 4, இரண்டாவதை 6, ஒல்லியான முதல் கம்பியை 3. மூன்றாவது கம்பியைவிட இரண்டாவதை அதிகம் இறக்குவதைப் பார். அது கணக்குப் போட்டு வந்ததில்லை, காதால் வந்தது.

ஏன் இறக்க வேண்டும்? கம்பியை விரலால் சுண்டின கணத்தில் அதன் சுருதி கொஞ்சம் மேலே ஏறி, பிறகுதான் அடங்கும். தடித்த கம்பியில் இது அதிகம். அவருக்கோ கேப்போ, அதாவது கம்பிகளை மொத்தமாக அழுத்திப் பிடிக்கிற கிளிப், இல்லாமல் பாதிப் பாட்டு நடக்காது. கேப்போ போட்டால் கம்பி அழுந்தி சுருதி இன்னும் ஏறும். அந்த ஏற்றத்தை முன்கூட்டியே கழித்துவிடுகிறார். தம்புராவில் கம்பிக்கு அடியில் வைக்கிற ஜீவா நூலை நகர்த்தி நகர்த்தி நாதம் வருகிற இடத்தைத் தேடுகிறவர்களைப் பார்த்திருப்பாய். அந்தக் காதுதான் இங்கேயும் வேலை செய்கிறது.

இரண்டாவது, கட்டைவிரல். அவருக்கு அது ஒரு தனி வாத்தியக்காரர். தடித்த கம்பிகளில் பாஸ் மெட்டு தன்பாட்டுக்கு நடந்துகொண்டே இருக்கும். மற்ற விரல்கள் ஒல்லியான கம்பிகளில் பாட்டுக்குப் பதில் சொல்லும். வலது கை நகங்களை ஃபைபர் கிளாஸும் பசையும் வைத்துக் கெட்டிப்படுத்திக்கொள்கிறார். அதனால்தான் ஒவ்வொரு சுரமும் அவ்வளவு தெளிவாக விழுகிறது.

மூன்றாவது ஒன்று சொல்கிறேன், இன்றைக்கே வாசித்துப் பார். ஏ மேஜர் கார்டு பிடிக்க நமக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தது, விரல்களை ஆள்காட்டி, நடு, மோதிரம் என்று வரிசையாக வைக்க வேண்டும் என்று. அவர் நாலாவது கம்பியில் நடுவிரல், மூன்றாவதில் ஆள்காட்டி, இரண்டாவதில் மோதிரவிரல் என்று மாற்றி வைக்கிறார். இப்போது ஈ மேஜருக்குப் போ. ஆள்காட்டி விரல் மூன்றாவது கம்பியை விடாமலேயே ஒரு ஃப்ரெட் பின்னால் வழுக்கும், மற்ற இரண்டு விரல்களை மட்டும் மாற்றி வைத்தால் போதும். கார்டு மாறியதே தெரியாது. இந்த ஒரு விஷயத்தைக் கேசட் கேட்டுக் கண்டுபிடிக்க முடியாமல் நான் பல வருஷம் திண்டாடினேன். உனக்கு அந்தக் கஷ்டம் இல்லை. அவரே இணையத்தில் இலவசப் பாடங்கள் போட்டிருக்கிறார். நகத்தை எப்படிப் பராமரிப்பது என்பது வரை சொல்லித்தருகிறார்.

கரோல் கிங் அவருடைய மனைவியா?
– வாசகி, சேலம்

இல்லை, சிநேகிதி. 1970 நவம்பரில் லாஸ் ஏஞ்சலஸில் ட்ரூபடோர் என்ற சின்ன அரங்கில் இருவரும் சேர்ந்து மேடையேறினார்கள். 'யூ'வ் காட் எ ஃப்ரெண்ட்' கரோல் கிங் எழுதிய பாட்டு. அதைக் கேட்ட ஜேம்ஸ், நானும் பாடட்டுமா என்று கேட்டார். தன் ஆல்பத்திலும் அது இருக்கும்போதே அவர் சம்மதித்தார். ஜேம்ஸ் பாடியது 1971இல் முதலிடத்துக்குப் போனது. அதில் பின்குரல் கொடுத்தவர் பாடகி ஜோனி மிட்செல். எழுதியவருக்கும் கிராமி விருது, பாடியவருக்கும் கிராமி விருது. 2010இல் இருவரும் ஒன்றாக ஊர் ஊராகப் போய்ப் பாடியபோது, பழைய வாத்தியக்காரர்களான டேனி கோர்ச்மார், லீலாண்ட் ஸ்க்ளார், ரஸ் கங்கல் மூவரும் கூடவே இருந்தார்கள். ஜேம்ஸ் மணந்த பாடகி கார்லி சைமன். 1972இல் கல்யாணம், 1983இல் விவாகரத்து.

போதைக்கு அடிமையாக இருந்தவர் என்று படித்தேன். அப்படிப்பட்டவரைப் பிள்ளைகளுக்கு எப்படி எடுத்துக்காட்டாகச் சொல்வது?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்

ஐயா, நான் என் பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன். எதையும் மறைக்காமல்தான் சொன்னேன்.

பதினேழு வயதில் கடுமையான மனச்சோர்வு. பாஸ்டன் அருகே மக்லீன் மனநல மருத்துவமனையில் பல மாதம் இருந்து, பள்ளிப் படிப்பையே அங்கேதான் முடித்தார். நியூயார்க்கில் ஹெராயின் பிடித்துக்கொண்டது. ஒருநாள் அப்பாவுக்குப் போன் செய்தார். குரலைக் கேட்டதுமே அப்பாவுக்குப் புரிந்துவிட்டது. நேரே வந்து பிள்ளையை வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போனார். ஆனால் அதோடு தீரவில்லை. 1969இல் மோட்டார் சைக்கிள் விபத்து. கை, கால் எலும்புகள் உடைந்து மாதக்கணக்கில் கிட்டாரைத் தொட முடியவில்லை. 1982இல் நெருங்கிய நண்பரான நடிகர் ஜான் பெலுஷி போதைமருந்தால் இறந்தார். அடக்கத்தில் பாடியவர் ஜேம்ஸ். அதற்கு அடுத்த வருடம்தான் அவர் முழுமையாக விட்டார். பதினைந்து வருடத்துக்கும் மேலான பழக்கம், ஐயா. உலகமே கொண்டாடிய வருடங்களிலும் அது கூடவே இருந்தது.

1985 ஜனவரியில் பிரேசிலில் 'ராக் இன் ரியோ' விழாவுக்குப் போனபோது, இனி பாட்டுத் தொழிலே வேண்டாமோ என்ற மனநிலையில் இருந்தார். அங்கே கூடியிருந்த பெருங்கூட்டம், மொழி வேறாக இருந்தும், அவருடைய பாட்டுகளைக் கூடவே பாடியது. அந்த ராத்திரியைப் பற்றியே பிறகு ஒரு பாட்டு எழுதினார். தான் விழுந்ததையும் எழுந்ததையும் அவர் எந்தப் பேட்டியிலும் மறைத்ததில்லை. நம் வீடுகளில் மனநோய் என்றால் வாயைப் பொத்திக்கொள்கிறோமே, அதனால்தான் இவரைப் பற்றிப் பிள்ளைகளிடம் பேச வேண்டும் என்கிறேன்.

நீங்கள் போன அந்தக் கச்சேரி எப்படி இருந்தது? முழுசாகச் சொல்லுங்களேன்.
– பெயர் எழுதாத மூன்று வாசகர்கள். ஊர்கள் மதுரை, ஈரோடு, காரைக்கால்

மகள் அப்போது மாசசூசெட்ஸில் இருந்தாள். ஜூலை 4, அவர்கள் சுதந்திர தினம். லெனாக்ஸ் என்ற ஊரில் டாங்கிள்வுட் இருக்கிறது. பாஸ்டன் சிம்பொனி இசைக்குழு கோடைக்காலத்தில் வாசிக்கிற இடம் அது. பக்கச்சுவரே இல்லாத பெரிய கொட்டகை. உள்ளே ஐயாயிரம் பேர் உட்காரலாம். அதற்கு வெளியே கண்ணுக்கெட்டிய வரை புல்வெளி. ஜேம்ஸ் டெய்லர் 1974இல் முதன்முதலாக அங்கே பாடினார். ஜூலை 4ஐ ஒட்டி அங்கே பாடுவதைப் பல வருடங்களாக வழக்கமாகவே வைத்திருக்கிறார். அந்த ஜூலை 4 கச்சேரிக்கான பணத்தை டாங்கிள்வுட்டுக்கே கொடுத்துவிடுவார்.

எங்களுடையது புல்வெளி டிக்கெட். மத்தியானமே போய் ஜமக்காளம் விரித்துவிட்டோம். எலுமிச்சை சாதமும் வறுவலும் கொண்டுபோயிருந்தோம். பக்கத்தில் ஒரு பாட்டி, எழுபது வயசுக்கு மேல் இருக்கும், மடக்கு நாற்காலி, சின்ன மேஜை, மெழுகுவர்த்தி எல்லாம் வைத்திருந்தார். இருட்டினதும் குளிர் இறங்கியது. பேசாமல் எழுந்து வந்து என் மனைவியின் தோளில் ஒரு கம்பளியைப் போர்த்திவிட்டு உட்கார்ந்தார்.

தட்டைத் தொப்பியும் சாதாரணச் சட்டையுமாக, ஒல்லியாக, உயரமாக வந்தார் ஜேம்ஸ். பாட்டுக்குப் பாட்டு இடையே வாத்தியக்காரர்கள் ஒவ்வொருவரையும் பேர் சொல்லி, அவர் யார், என்ன செய்தவர் என்று நிதானமாகச் சொன்னார். அப்புறம் இடைவேளை. வாத்தியக்காரர்கள் உள்ளே போனார்கள். அவர் போகவில்லை. மேடை விளிம்பில் உட்கார்ந்துகொண்டு, முன்னால் நெருக்கி வந்தவர்கள் நீட்டியதில் எல்லாம் கையெழுத்துப் போட ஆரம்பித்தார். பழைய இசைத்தட்டு உறைகள், தொப்பி, டிக்கெட். திரையில் பார்த்தோம். இடைவேளை முடிகிறவரை எழுந்திருக்கவே இல்லை. தண்ணீர் குடித்ததைக்கூட நான் பார்க்கவில்லை. ஊர் ஊராக இதைத்தான் செய்கிறார் என்று பாட்டி சொன்னார்.

பிறகு 'ஸ்வீட் பேபி ஜேம்ஸ்'. அதில் ஸ்டாக்பிரிட்ஜிலிருந்து பாஸ்டன் போகும் சாலை பனி மூடிக் கிடப்பதாக ஒரு வரி வரும். ஸ்டாக்பிரிட்ஜ் என்ற சொல் வாயிலிருந்து வந்ததும் புல்வெளி முழுக்க ஒரு ஆரவாரம் எழுந்தது பாருங்கள். உள்ளூர்க்காரர்கள் தங்கள் ஊர்ப் பெயருக்குத் தட்டிய கைதட்டல் அது. நானும் தட்டினேன். எனக்கு வேறு ஒன்று நினைவுக்கு வந்தது. இளம் வயதில் அவர் நோயாளியாகப் படுத்திருந்த ஊர் அங்கிருந்து சில மைல்தான். 'ஃபயர் அண்ட் ரெய்ன்' மூன்றாவது சரணத்தை எழுதிய ஊர். அந்த ஊர்க்காரர்கள் முன்னால் அந்தப் பாட்டையும் பாடினார். குரல் அதே குரல், கேசட்டில் கேட்டதைவிடக் கொஞ்சம் தழைந்து. கடைசியில் ஏரிப் பக்கம் வாணவேடிக்கை. கம்பளியைத் திருப்பிக் கொடுத்தபோது பாட்டி என் மனைவியின் கையை விடவே இல்லை.

இந்த வயதிலும் புதிதாக எழுதுகிறாரா?
– வாசகர், திருவண்ணாமலை

எழுதினார். 2002க்குப் பிறகு சொந்தப் பாட்டுகளாக ஒரு ஆல்பம் வர 2015 ஆயிற்று. வீட்டில் பாட்டு வரவில்லை என்று, நியூபோர்ட் என்ற கடற்கரை ஊரில் நண்பருடைய குடியிருப்பில் தனியாகத் தங்கி எழுதி முடித்தார். 'பிஃபோர் திஸ் வேர்ல்ட்' என்று பெயர். அமெரிக்க ஆல்பம் பட்டியலில் அவர் முதலிடம் பிடித்தது அதுதான் முதல் தடவை. அப்போது அவருக்கு அறுபத்தேழு வயது.

பேரப்பிள்ளையைத் தூங்கவைக்க அவர் பாட்டில் ஏதாவது உண்டா?
– வாசகி, புதுச்சேரி

அதே 'ஸ்வீட் பேபி ஜேம்ஸ்' தான், அம்மா. அண்ணன் அலெக்ஸுக்குப் பிறந்த பிள்ளைக்கு ஜேம்ஸ் என்று இவர் பெயரையே வைத்தார்கள். அந்தக் குழந்தையைப் பார்க்கக் காரோட்டிக்கொண்டு கரோலினா போகும் வழியில் மனசில் கட்டிய தாலாட்டு. மாட்டு மந்தை ஓட்டுகிறவன் பாடுவது மாதிரி ஆரம்பிக்கும். மூன்று மூன்று தட்டாக, நம் திஸ்ர நடை. தொட்டிலை ஆட்டும் வேகத்துக்கு அப்படியே பொருந்தும். இங்கிலீஷ் வார்த்தை வராவிட்டால் மெட்டை மட்டும் முனகுங்கள். என் பேத்திக்கு நான் அப்படித்தான் பாடுகிறேன். இரண்டாவது சரணம் போவதற்குள் அவள் கை என் சட்டைப் பொத்தானை விட்டுவிடும்.