அக்காவுக்கு நானோ மருந்து: துகள்கள் உடலில் தங்கிவிடுமா?

கேள்வி: என் அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய் திரும்பியிருக்கிறது. முன்பு ஏற்றிய சிவப்பு மருந்தையே இம்முறை நானோ வடிவில் தரப்போகிறார்கள். கண்ணுக்குத் தெரியாத துகள்கள் உடலிலேயே தங்கிவிடாதா?

பதில்: துகள் என்றதும் உலோகப் பொடி நினைவுக்கு வருகிறது; பயம் இயல்புதான். ஆனால் இது கொழுப்பாலான நுண்குமிழி. லிப்போசோம் என்பார்கள். நம் செல்களின் உறையில் இருப்பதைப் போன்ற கொழுப்புதான் அதன் சுவர். உடல் அதைச் சிதைத்துக் கழித்துவிடும், தங்காது.

குமிழிக்குள் இருப்பது அதே சிவப்பு மருந்து, டாக்ஸோரூபிசின். அது புற்றுச் செல்லைக் கொல்லும்; அளவு கூடக்கூட இதயத் தசையையும் பலவீனப்படுத்தும். அந்தப் பாதிப்பைக் குறைக்கத்தான் இந்தக் குமிழி. அதன் அகலம் ஏறத்தாழ 100 நானோமீட்டர். தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். இதயத்தின் ரத்த நாளச் சுவர் நெருக்கமானது, குமிழி எளிதில் கசியாது. கட்டிக்குள் அவசரமாக முளைத்த நாளங்களில் இடைவெளிகள் அதிகம். அங்கே நுழைந்து தேங்கும். எல்லாக் கட்டிகளிலும் ஒரே அளவில் தேங்குவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1995-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து இது. புதுச் சோதனை அல்ல.

இனி அக்காவின் உள்ளங்கைகளைக் கவனியுங்கள். குமிழிகள் ரத்தத்தில் பல நாள் சுற்றுவதால் உள்ளங்கையும் பாதமும் சிவந்து, எரிந்து, தோல் உரியலாம். மருந்து ஏறிய பிறகு ஒரு வாரமாவது சுடுநீர், இறுக்கமான செருப்பு, துணி பிழிவது எல்லாம் வேண்டாம். மணமில்லாத களிம்பை அழுத்தித் தேய்க்காமல் மெதுவாகத் தடவுங்கள். கொப்புளம் வந்தால் அடுத்த தவணைவரை பொறுக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். மருந்தின் அளவைக் குறைத்தோ நாளைத் தள்ளியோ சரிசெய்வார். முதல் தவணையின் தொடக்க நிமிடங்களில் முகம் சிவந்தாலோ, மூச்சு முட்டினாலோ, முதுகு வலித்தாலோ உடனே செவிலியரிடம் சொல்ல வேண்டும். பெரும்பாலும் சொட்டு வேகத்தைக் குறைத்தாலே அடங்கிவிடும். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால், நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குப் போங்கள்.

நானோ என்பதால் இதயப் பரிசோதனையை விட்டுவிட முடியாது. முதல்முறை மொத்தம் எத்தனை மில்லிகிராம் ஏற்றினார்கள் என்பதும் இப்போதைய கணக்கில் சேரும். பழைய சிகிச்சைச் சீட்டுகளைத் தேடி எடுத்து, முதல் தவணைக்கு முன்பே மருத்துவரிடம் கொடுத்துவிடுங்கள்.